அடைப்புக்குறிகளை வாசித்தவள்

1

இந்தக் கதை ஒரு கடைவாய்ப் பல்லில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல் என்னுடையதல்ல, கிளீட் ஃபங்க் என்பவருடையது. 1991இல், ஒஹையோ மாநிலத்தின் வில்லோ ஃபோர்க் என்ற ஊரில் நான் பல் மருத்துவம் பார்க்க ஆரம்பித்த முதல் வாரம். மரத்துப்போக வைக்கும் ஊசி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டது. நாற்காலியில் படுத்திருந்த கிளீட், ஊர் வானொலி நிலையத்தின் சொந்தக்காரர், கண்ணில் நீர் முட்ட, தேவாலயத்தில் அறிவிப்பு வாசிக்கிற நிதானத்தோடு சொன்னார்: "வசவு நீக்கப்பட்டது."

மருந்து தலைக்கு ஏறிவிட்டது என்று பயந்தே போனேன். பிறகு பார்த்தால் ஊரே இப்படித்தான் பேசுகிறது. சுத்தியல் கட்டைவிரலில் விழுந்தாலும், மாடு உதைத்தாலும், பள்ளிக்கூட அணி தோற்றாலும் "வசவு நீக்கப்பட்டது." ஆறு வயதுக் குழந்தைகள்கூட. யாரைக் கேட்டாலும் "ஆர்டித்தைக் கேளுங்க" என்றார்கள். ஆர்டித் ப்ரூபேக்கரைக் கேட்டேன். "அது பழைய கதை டாக்டர்" என்று சொல்லி வாயை அகலத் திறந்துகொண்டாள். பல் மருத்துவனிடமிருந்து தப்ப அதைவிட நல்ல வழி கிடையாது. முப்பத்து மூன்று வருடம் அப்படியே தப்பித்தாள்.

நேற்று, புதன்கிழமை, அவளே தொலைபேசியில் கூப்பிட்டாள். வயது எண்பத்தைந்து.

"டாக்டர், நீங்க உங்க பாஷையில கதை எழுதுவீங்கதானே?"

"எழுதுவேன்."

"என் அக்கா லோயிஸ் செத்துட்டா. சனிக்கிழமை அடக்கம். என் புருஷன் மெர்ல் வரமாட்டேங்கிறார். அம்பது வருஷக் கோவம். அது என் தப்பு, அவருக்குத் தெரியாது. நான் சொல்றேன், நீங்க கதையா எழுதுங்க. முடிவு என்னான்னு எனக்கும் சொல்லுங்க. சனிக்கிழமைக்குள்ள வேணும்."

பத்திரிகை ஆசிரியர்கள்கூட எனக்கு இவ்வளவு குறைந்த கெடு வைத்ததில்லை. இன்று வியாழன்.

2

முதல் தொடக்கம்: "1974 மே மாதத்தில் ஒரு தேசமே தன் அதிபரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது, அந்த வாயிலிருந்து—"

வேண்டாம். செய்திப்படக் குரல். எனக்கே கொட்டாவி வருகிறது.

இரண்டாவது தொடக்கம்: "வில்லோ ஃபோர்க்கில் சோளம் முழங்கால் உயரம் வளர்ந்திருந்த ஒரு மே மாதக் காலையில்—"

மே மாதம் இங்கே விதைக்கிற மாதம். மெர்ல் ப்ரூபேக்கர் வாழ்நாள் முழுக்க விதைச் சோளம் விற்றவர். இந்த வரி அவர் காதுக்குப் போனால் என் பல்லை அவர் பிடுங்குவார்.

மூன்றாவது தொடக்கம்: "மெர்ல் ப்ரூபேக்கர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் மன்னிப்புக் கேட்டார், அதையும் அவர் மனைவி—"

முக்கியமானதை முதல் வரியிலேயே கொட்டிவிட்டால் பிறகு எதை எழுதுவது? அடித்துவிட்டேன். அடித்ததை நீங்கள் படித்துவிட்டீர்கள், இனி என்ன செய்ய. தொடக்கம் இல்லாமலே தொடங்குகிறேன்.

3

அந்த அதிபரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் தங்களுக்குப் பிடிக்காத எந்த அதிபரை வைத்துப் படித்தாலும் கதை கெட்டுப்போகாது. நடந்தது இவ்வளவுதான். அவருடைய ஆட்கள் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து மாட்டிக்கொண்டார்கள். அதை மூடி மறைக்கப் பார்த்தார்கள். அதிபருக்குத் தன் அறையில் நடக்கும் பேச்சையெல்லாம் ஒலிநாடாவில் பதிவு செய்யும் பழக்கம் இருந்தது. உலகத்தில் எத்தனையோ பேர் தங்களுக்குத் தாங்களே குழி தோண்டியிருக்கிறார்கள், ஆனால் குழி தோண்டும் சத்தத்தையும் பதிவு செய்து வைத்தவர் இவர்தான்.

மெர்லுக்கு அவர் தெய்வம். 1972 தேர்தலில் மெர்ல்தான் மாவட்டப் பொறுப்பாளர். நானூறு வீட்டுக் கதவைத் தட்டி, "நான் கேரண்டி" என்றார். விதைச் சோளத்துக்கும் அதே வார்த்தையைத்தான் சொல்வார், சோளமும் முளைக்கும், அதனால் ஊர் நம்பியது.

அந்த வருடம் நவம்பர் மாதத் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு லோயிஸ் வந்தாள். பன்னிரண்டு மைல் தள்ளி இருந்தவள், ஆர்டித்தின் அக்கா. நாக்கில் எலும்பு மட்டுமல்ல, கடிவாளமும் கிடையாது. மெர்ல் வான்கோழியை வெட்டிக்கொண்டிருந்தார்.

"மெர்ல், உங்க ஆளு திருடன்" என்றாள் லோயிஸ்.

"என் வீட்ல உக்காந்துகிட்டா இதைப் பேசுற?"

"எழுந்து நின்னு பேசவா?"

"வெளிய போ."

"எனக்குத் தொடைக்கறியாவது குடுத்துட்டுச் சொல்லு."

மெர்ல் கறிவெட்டும் கத்தியாலேயே வாசலைக் காட்டினார். லோயிஸ் எழுந்தாள். தான் கொண்டு வந்திருந்த சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பாத்திரத்தை மேசை நடுவிலிருந்து எடுத்துக்கொண்டு, கரண்டியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள். மெர்ல் மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் அந்த வீட்டில் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அக்காவும் தங்கையும் ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தவர்கள். ஆர்டித்துக்கு வேறு கூடப்பிறந்தவர்கள் இல்லை.

(ஓர் இடைக்குறிப்பு. முதல் வரைவில் ஆர்டித்தைப் புருஷனிடம் "நீங்க" போட்டுப் பேசவைத்தேன். உடனே அவள் தலையில் பூ வைத்துக்கொண்டு காபி ஆற்ற ஆரம்பித்துவிட்டாள். அவள் அப்படிப்பட்டவள் அல்ல. நேரில் "மெர்ல், நீ"தான். என்னிடம் பேசும்போது மட்டும் "அவர்." இந்த "அவர்" நான் கொடுத்ததா அவள் கொடுத்ததா என்று என்னால் இப்போது சொல்ல முடியவில்லை.)

4

1974 ஏப்ரல் கடைசியில் அதிபர் அந்தப் பேச்சுகளைத் தட்டச்சு செய்து வெளியிட்டார். ஆயிரத்துச் சொச்சம் பக்கம். அவர் வாயில் வந்த கெட்ட வார்த்தைகளை எடுத்துவிட்டு அந்தந்த இடத்தில் அடைப்புக்குறி போட்டிருந்தார்கள்: [வசவு நீக்கப்பட்டது]. ஒலிநாடா சரியாகக் கேட்காத இடத்தில் [காதில் விழவில்லை].

(ஆங்கிலத்தில் அது இரண்டே வார்த்தை. தமிழில் "கெட்ட வார்த்தை", "தகாத சொல்", "அவச்சொல்" எல்லாம் போட்டுப் பார்த்தேன். "தகாத சொல்" என்றதும் அதிபர் தமிழாசிரியர் ஆகிவிடுகிறார். "வசவு"தான் சரி.)

செய்தித்தாள்கள் துண்டு துண்டாகப் போட்டன. மெர்ல் கொதித்துப்போய் கிளீட்டின் வானொலி நிலையத்துக்குப் போனார்.

"அரைகுறையா போட்டா எவனும் திருடனாத்தான் தெரிவான், கிளீட். முழுசா வாசி. முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும். ஜனங்க கேட்டு முடிவு பண்ணட்டும்."

"ஆயிரம் பக்கம், மெர்ல். யார் வாசிக்கிறது?"

"அதிபரை நான் வாசிக்கிறேன்."

குழியைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன், இங்கே திரும்ப வேண்டாம்.

அதிபருடைய ஆலோசகர்கள், வக்கீல்கள் எல்லோரையும் இமோஜின் டட்டில் வாசிப்பதென்று முடிவாயிற்று. உயர்நிலைப்பள்ளி நாடக ஆசிரியை. ஆளுக்கொரு குரல் வைத்தாள். ஒருவருக்குத் திக்குவாய், ஒருவருக்குச் சளி. அடைப்புக்குறி வரும் இடத்தில் கிளீட் பள்ளிக்கூட மணியை அடித்துப் பார்த்தார். பத்து நிமிடத்தில் நாலு தாய்மார்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, பிள்ளைகளை ஏன் சீக்கிரம் விட்டுவிட்டார்கள் என்று சண்டை போட்டார்கள். யாராவது வாயால்தான் சொல்ல வேண்டும். யார் சொன்னால் ஊர் தப்பாக எடுத்துக்கொள்ளாது?

ஞாயிறுதோறும் தேவாலயத்தில் அறிவிப்பு வாசிப்பவள் ஆர்டித். இன்னார் வீட்டில் குழந்தை, இன்னாருக்கு மூட்டு வலி, வெள்ளிக்கிழமை கேக் விற்பனை என்று ஒரே தட்டையான குரலில் வாசிப்பாள். அவளை உட்காரவைத்தார்கள்.

சூரியன் இருக்கும்வரைதான் அந்த நிலையத்துக்கு ஒலிபரப்ப அனுமதி. காலை ஆறரைக்கு ஆரம்பித்தார்கள். கணவர் ஆழ்ந்த குரலில் அதிபராக முழங்குவார். மனைவி பக்கத்திலிருந்து அறிவிப்பாள்.

"அந்த"

"வசவு நீக்கப்பட்டது."

"ஆளுக்கு என்ன"

"வசவு நீக்கப்பட்டது."

"தைரியம் இருந்தா"

"காதில் விழவில்லை."

(இவை அதிபர் சொன்ன வார்த்தைகள் அல்ல, நான் மாதிரிக்குப் போட்டவை. அதிபர் வாயில் நான் எதையும் வைக்கமாட்டேன். பல் மருத்துவனாக இருந்தும் சொல்கிறேன்.)

பகல் பன்னிரண்டுக்குச் சதி ஆலோசனை உச்சத்தில் இருக்கும்போது கிளீட் நிறுத்தி, பன்றிச் சந்தை நிலவரம் வாசிப்பார். பிறகு சதி தொடரும். ஊர் வேலையை விட்டுவிட்டுக் கேட்டது. டிராக்டரில் போகிறவர்கள் வானொலியைக் கட்டிக்கொண்டு போனார்கள். வயல் ஓரத்தில் நின்று, அந்த அடைப்புக்குறிக்குள் என்ன இருந்திருக்கும் என்று பந்தயம் கட்டினார்கள். ஊரில் அதுவரை புழக்கத்தில் இல்லாத வசவுகளெல்லாம் அந்த வாரம் கண்டுபிடிக்கப்பட்டன. மூன்றாம் நாள் பாதிரியார் தன் கட்டைவிரலைக் கார்க் கதவில் நசுக்கிக்கொண்டு, நாலு பேர் முன்னால், ஆர்டித்தின் குரலிலேயே அதைச் சொன்னார். அதோடு அது ஊர்ச் சொத்தாகிவிட்டது.

சிரிக்காதவர் மெர்ல் ஒருவர்தான்.

5

அவரை எழுதுவதில்தான் எனக்குச் சிக்கல். முழு முட்டாளாக எழுதினால் சுலபம். ஆனால் முட்டாளுக்கு மனம் உடையாது. மெர்ல் ஒவ்வொரு வரியையும் நல்ல அர்த்தத்தில் வாசிக்கப் பார்த்தார். முதல் நாள் அதிபரின் குரலைக் கம்பீரமாக வைத்தார். இரண்டாம் நாள் களைப்பாக வைத்தார், பாவம் எவ்வளவு வேலை என்று தோன்றும்படி. மூன்றாம் நாள் எந்தக் குரலில் வாசித்தாலும் அந்த வரிகள் ஒரே மாதிரிதான் கேட்டன. ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லும்போது அது யாருடைய வாக்கியம் என்று தெரிந்துவிடும். வீட்டில் சாப்பிடும்போது பேசுவதை நிறுத்திவிட்டார்.

நான்காம் நாள், மதியம் மூன்று மணி இருக்கும். பாதி வரியில் மெர்ல் நின்றார். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தார். நெற்றியை ஒலிவாங்கியின் மேலேயே சாய்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். அதே கணத்தில் ஆர்டித் தன் ஒலிவாங்கியில் சொன்னாள்:

"காதில் விழவில்லை."

கிளீட் உடனே பாட்டுப் போட்டுவிட்டார். மெர்ல் எழுந்து வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார். மீதிப் பக்கங்களுக்கு இமோஜினே அதிபரும் ஆனாள், ஆலோசகர்களும் ஆனாள், தன்னோடு தானே சதி செய்தாள்.

மெர்ல் என்ன சொன்னார் என்பது பற்றி ஊரில் மூன்று கட்சி. "எனக்கு ஒண்ணுக்கு முட்டுது" என்று சொன்னதாகக் கிளீட் சாகும்வரை சாதித்தார். "இந்த நாடகத்தில் இனி நடிக்கமாட்டேன்" என்றார் என்பது இமோஜினின் கட்சி. மற்றவர்கள் எல்லோரும் அது ஒரு மகத்தான வசவு என்றும், ஆர்டித் புருஷனைக் காப்பாற்ற அதை விழுங்கிவிட்டாள் என்றும் நம்பினார்கள்.

மறுநாள் காலை லோயிஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள். பதினெட்டு மாதம் கழித்து முதல் முறை. நான்கு நாளும் வானொலியை அணைக்காமல் கேட்டவள் அவள். தன் பெயர் மாதிரி ஏதோ கேட்டதாக ஒரு சந்தேகம். மெர்ல் எடுத்தார்.

"மெர்ல், நேத்து நீ கடைசியா சொன்னது காதில் விழவில்லை."

மெர்ல் தொலைபேசியை அறைந்து வைத்தார்.

ஊரே நாலு நாளாக அந்த வார்த்தையைச் சொல்லி அவரைக் கேலி செய்துகொண்டிருந்தது. எரிபொருள் போடப்போனால் "காதில் விழவில்லை." தபால் வாங்கப்போனால் "காதில் விழவில்லை." நிஜமாகவே காதில் விழாத ஒருத்தி நிஜமாகவே கேட்டபோது அதுவும் கேலியாகத்தான் அவருக்குப் பட்டது. லோயிஸ் மறுபடி கூப்பிடவில்லை. மெர்ல் மறுபடி சொல்லவில்லை.

"ஊர் முன்னாடி சொல்லியாச்சு, ஆர்டித். ரேடியோவுல சொல்லியாச்சு. அவ நக்கல் பண்றா. இனி அவ பாடு."

6

இந்த இடத்தில் தேசத்துக்கு என்ன ஆயிற்று என்று எழுத வேண்டும். ஆகஸ்டில் அதிபர் பதவியை விட்டு ஹெலிகாப்டரில் ஏறிப் போனார். அந்தத் திருட்டு நடந்த கட்டடத்துப் பெயரின் வால்பகுதி "கேட்." அன்றிலிருந்து இந்த நாட்டில் எந்த ஊழல் வந்தாலும் அதன் பின்னால் ஒரு "கேட்" ஒட்டிவிடுகிறார்கள். எங்கள் ஊர்ச் சமையல் போட்டியில் ஒருத்தி கடையில் வாங்கிய மாவில் 'பை' என்கிற பழப் பலகாரம் செய்து பரிசு வாங்கிவிட்டாள். "பை-கேட்." அதற்கு விசாரணைக் குழுகூட அமைத்தார்கள், நானும் அதில் ருசிபார்க்கும் உறுப்பினர்.

மெர்ல் அதன்பிறகு யாருக்கும் கேரண்டி கொடுக்கவில்லை, விதைக்குக்கூட. "முளைச்சா முளைக்கும்" என்று சொல்லி விற்றார். ஓட்டுப்போடவில்லை. வானிலை அறிக்கையை நம்பமாட்டார். நான் எக்ஸ்ரே படத்தைக் காட்டினால், "இது என் பல்லுதானா? நடுவுல எதையாவது எடுத்துட்டீங்களா?" என்பார். முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு பார்த்தால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படிக் கேட்கிறார்கள், அதிலும் 1974இல் இன்னும் பிறந்திராதவர்கள்தான் அதிகம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. சொத்தைப் பல்லைச் சொத்தை என்று நிரூபிக்க ஒரு மனிதன் எவ்வளவுதான் பேசுவது?

ஆர்டித் ஆறு மைல் போய் லோயிஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள், செவ்வாய்க்கிழமைதோறும், ஐம்பது வருடம், பாதி வழியில் உள்ள ஒரு காபிக்கடையில். லோயிஸ் ஒருநாளும் தங்கை வீட்டுக்கு வரவில்லை. பிள்ளைகளின் கல்யாணத்துக்கும் வரவில்லை.

7

இன்று மதியம் வரைவை எடுத்துக்கொண்டு ஆர்டித் வீட்டுச் சமையலறைக்குப் போனேன். கூடத்தில் மெர்ல் தொலைக்காட்சிச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ புதிய "கேட்." நான் எழுதியதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அவள் கேட்டாள். மூன்று முடிவு வைத்திருந்தேன்.

முடிவு அ: சனிக்கிழமை அடக்கத்தில் மெர்ல் கடைசி நிமிடம் தானாகவே வந்து நிற்கிறார், மழை பெய்கிறது—

"மழை வேண்டாம். அவர் முழங்கால் தாங்காது."

முடிவு ஆ: கிளீட்டின் பழைய ஒலிநாடா பரணில் கிடைக்கிறது. நவீனக் கருவியில் போட்டு முணுமுணுப்பைப் பிரித்து எடுக்கிறார்கள், அதில்—

"கிளீட் அந்த நாடாவுல கால்பந்து பதிஞ்சுட்டான்."

முடிவு இ: ஆர்டித் பழக்கதோஷத்தில் அடைப்புக்குறியை வாசித்துவிட்டாள், நான்கு நாள் சொல்லிச் சொல்லி வாய் தானாக—

ஆர்டித் கையைத் தூக்கினாள்.

"பழக்கதோஷம் இல்ல டாக்டர்."

நான் பேனாவை மூடினேன்.

"எனக்குக் கேட்டுது. முழுசாக் கேட்டுது. 'லோயிஸ், நீ சொன்னதுதான் சரி, என்னை மன்னிச்சிடு'ன்னார். சொல்லிட்டு அழுதார். மெர்ல் அழுது நான் பாத்ததே இல்ல. நாலாயிரம் பேர் கேட்டுட்டு இருக்காங்க, அவ்ளோ பேர்கிட்டயும் நாளைக்கு அவர் விதை விக்கணும். எனக்கு ஒரு மூச்சு நேரந்தான் இருந்துது. அக்காவா புருஷனான்னு. மூடிட்டேன். அழுகையில நான் சொன்னது அவருக்குக் கேக்கல, ஊர் பேசுறதை இன்னும் கேலின்னே நினைக்கிறார்."

"லோயிஸ்கிட்ட சொல்லலையா?"

"முதல் வாரம் சொல்லியிருந்தா சிரிச்சிருப்பா. அஞ்சாவது வருஷம்னா அறைஞ்சிருப்பா. அப்புறம் சொல்றதுக்கு இடமே இல்லாம போச்சு. ஒரு செவ்வாய்க்கிழமை வாயத் திறந்தேன், அவ காபி சூடு இல்லன்னு அந்தப் பொண்ணைத் திட்டிட்டு இருந்தா, விட்டுட்டேன்." கைத்துணியை மடித்தாள், பிரித்தாள். "அந்த மனுஷனைப் பத்தி நாலு நாள் பக்கத்துலயே உக்காந்து வாசிச்சேனே. மூடுறதுதான் பெரிய தப்புன்னு ஊருக்கே வாசிச்சுக் காட்டுனவ நான்தானே. எனக்கே உறைக்கலையே."

மெர்லும் லோயிஸும் தாங்கள் செய்யாத குற்றத்துக்காக ஒருவரையொருவர் ஐம்பது வருடம் தண்டித்திருக்கிறார்கள். ஒருத்தி போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"முடிவு சொல்லுங்க டாக்டர். நான் இப்ப சொன்னா என்ன ஆகும்? அவருக்கு எண்பத்தெட்டு. யாரையும் நம்பாத மனுஷன், என்னை மட்டும்தான் நம்புறார். அதையும் எடுத்துடவா?"

8

நான் முடிவு சொல்லவில்லை. எழுதுகிறவன் என்று நம்பி அழைத்தாள், எனக்குத் தெரிந்ததெல்லாம் எந்தப் பல்லைப் பிடுங்குவது, எதை விட்டுவைப்பது என்பது மட்டும்தான், அதிலும் சில சமயம் தப்பு நடந்திருக்கிறது. காகிதங்களை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

ஆர்டித்தும் எழுந்தாள். கூடத்துக்குப் போனாள். நான் பின்வாசல் கைப்பிடியில் கை வைத்தபடி நின்றேன். நிற்கக்கூடாது, நின்றேன்.

"மெர்ல், அந்த டிவிய அணை."

"எதுக்கு? இவனும் மாட்டிக்கிட்டான் பாரு."

"அணைன்னா அணை. லோயிஸைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"அவளைப் பத்திச் சொல்ல என்ன இருக்கு?"

"இருக்கு. அவளைப் பத்தி இல்ல. என்னைப் பத்தி."

தொலைக்காட்சி அணைந்தது. நாற்காலி அவள் பக்கம் திரும்புகிற சத்தம் கேட்டது. மெர்ல் "சொல்லு" என்றார். பன்னிரண்டு வருடமாகச் செய்தியை விட்டுக் கண்ணெடுக்காதவர் அவர்.

ஆர்டித் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

எழுத்தாளன் அங்கேயே நின்றிருப்பான். நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். அவள் பேசுவதைப் புருஷனைத் தவிர யாரும் கேட்கக்கூடாது என்று நினைத்தேன். அது சரியா என்று இந்த நிமிடம்கூடத் தெரியாது. கதவைச் சாத்தத்தான் செய்தேன், பூட்டவில்லை. நீங்கள் போய்க் கேட்பதானால் கேளுங்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அடக்கம். நான் ஒன்பதரைக்கே போய், ஆர்டித்துக்குப் பக்கத்து இடத்தில் யாரும் உட்கார்ந்துவிடாமல் என் கோட்டைப் போட்டு வைப்பேன்.